புதிய மரச்சாமானுக்குப் பழைய தோற்றம்: எந்த முறை எதற்குப் பொருந்தும்?

சென்ற மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கென்று இடுப்பளவு உயரத்தில் ஓர் அலமாரி செய்யக் கொடுத்திருந்தேன். சட்டமும் பக்கப் பலகைகளும் ரப்பர் மரம். கதவு இரண்டும் மேற்பலகையும் தேக்கு. வேலை முடிந்ததும், பாலிஷ் போட வேண்டாம், வெறும் மரமாகவே கொடுத்துவிடுங்கள், இதைப் பழைய சாமான் போல் ஆக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஆசாரி சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பத்து வருஷம் பொறுத்தா அதுவே பழசாயிடும் சார், அதுக்கு ஏன் மெனக்கெடுறீங்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பாட்டி வீட்டிலிருந்து வந்த ஊஞ்சல் பலகையும் சாய்வு நாற்காலியும் கிடக்கிற கூடத்தில் பளபளக்கும் புதுச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால், முதல் முறை வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல அது விறைப்பாக ஓரத்தில் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

வேலையில் இறங்கிய பிறகுதான் இதற்கு ஐந்தாறு வழிகள் இருப்பது தெரிந்தது. கடுக்காய்ச் சாற்றையும் இரும்புக் கரைசலையும் பூசி மரத்தையே கறுக்க வைக்கலாம். இரண்டு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித் தேய்த்தெடுக்கலாம். காய்ந்ததும் சுண்ணம் போல் மங்கித் தெரியும் சாக் பெயின்ட் அடிக்கலாம். பாலும் சுண்ணாம்பும் கலந்த பெயின்ட் அடிக்கலாம். பெயின்டில் வெடிப்பு வரவழைக்கலாம். சங்கிலியாலும் ஆணியாலும் அடித்துத் தழும்பு உண்டாக்கலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைப் பழமையைத் தருகின்றன என்பதும், ஒன்றுக்கு உகந்த மரம் மற்றொன்றுக்கு ஆகாது என்பதும் பட்டறையில் மிஞ்சிய துண்டுப் பலகைகளில் செய்து பார்த்தபோது புரிந்தது. எனவே எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பழமை வேண்டும் என்பதை ஒருவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பெரும்பாலானவர்களின் வேலை கெடுகிறது என்பது என் கருத்து.

காணொளிகளில் நாம் பார்க்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை வெள்ளை அல்லது பாலாடை நிறப் பெயின்ட் அடித்து, விளிம்புகளில் மரம் தெரியும்படி தேய்த்தவை. ஷேபி சீக் என்று அழைக்கப்படும் இந்தப் பாணி, ரேச்சல் ஆஷ்வெல் என்ற பெண்மணி 1989-இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் அதே பெயரில் கடை திறந்த பிறகு உலகமெங்கும் பரவியது. அதற்கு ஐரோப்பிய நாட்டுப்புற வீடுகளில் ஒரு பின்னணி உண்டு. அங்கே மலிவான பைன் மரத்தில் செய்த சாமான்களுக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் புழங்கியதில் அந்தப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. நம் வீடுகளில் அப்படி நடக்கவில்லை. தேக்கிலும் பலாவிலும் பூவரசிலும் செய்த பெட்டி, பத்தாயம், ஊஞ்சல், நாற்காலி ஆகியவை எண்ணெயும் கை அழுக்கும் ஏறி இருண்டு போனவையே தவிர, பெயின்ட் உரிந்தவை அல்ல. பெயின்ட் ஏறிய பழமையும் நம்மிடம் உண்டு, ஆனால் அது ஜன்னல்களிலும் வாசற்கதவுகளிலும் சுவரலமாரிக் கதவுகளிலும் இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கூடவே எனாமலும் அடித்து, பச்சையின் மேல் நீலம், நீலத்தின் மேல் காவி என்று ஏடு ஏடாகச் சேர்ந்த பழமை அது. ஆக, நம் கண்ணுக்குப் பழக்கமானவை இரண்டு: இருண்ட வெறும் மரம் ஒன்று, பல நிற ஏடு மற்றொன்று. செட்டிநாட்டுத் தூண் நிற்கிற வீட்டில் பாலாடை வெள்ளை மேசையைக் கொண்டுவந்து வைத்தால் அது விடுதி வரவேற்பறை மாதிரித்தான் தெரிகிறது. அது வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், எனக்கு அதில் சண்டை இல்லை.

எந்த முறையானாலும், பழைய சாமான் எங்கே தேய்கிறது என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் சாய்வு நாற்காலியில் தலை படுகிற மேல் சட்டம் தலைக்கு வைத்த எண்ணெயால் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கிறது. கை வைக்கும் பலகைகளின் முன் நுனி மட்டும் வெளுத்து, கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கிறது. கால்களின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு, வீடு கழுவும் தண்ணீர் பட்டுப் பட்டு, மரம் சாம்பல் நிறமாகி நார் தெரிகிறது. ஊஞ்சல் பலகையில் உட்காரும் நடுப்பகுதியை விட, தொடை உரசும் முன் விளிம்புதான் அதிகம் உருண்டிருக்கிறது. அலமாரிக் கதவில் தாழ்ப்பாளைச் சுற்றி ஓர் உள்ளங்கை அளவுக்கு அழுக்கும் மினுமினுப்பும் சேர்ந்த வட்டம் இருக்கிறது; கதவின் மேல் மூலைகளிலோ எந்தத் தேய்மானமும் கிடையாது, ஏனென்றால் அங்கே யாருடைய கையும் போவதில்லை. மேடு தேயும், பள்ளத்தில் அழுக்கு சேரும், கை படாத இடம் புதிதாகவே இருக்கும். நான்கு மூலைகளையும் ஒரே அளவாகத் தேய்த்து வைத்த சாமானைப் பார்த்த உடனே அது செய்த பழமை என்று தெரிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

வெறும் மரப் பழமையை விரும்புகிறவர்களுக்குக் கடுக்காயும் இரும்பும் சேர்ந்த முறையைத்தான் முதலில் சொல்வேன். மரத்தில் துவர்ப்புச் சத்தான டேனின் இருக்கிறது. வினிகரில் கரைந்த இரும்பு அதன் மேல் பட்டதும் இரண்டும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறமாக மாறுகின்றன. தேக்கில் அடித்த இரும்பாணி மழையில் நனைந்தால் அதைச் சுற்றிக் கறுப்பு இறங்குவதும் இதனால்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வரைகிறவர்கள், இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்த சாற்றை, கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியின் மேல் தொட்டு எழுதுவது இதே வேதியியல்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் தேயிலை டிகாஷன் பூசச் சொல்கிறார்கள். நமக்கு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கிடைக்கும்போது தேயிலையை நாட வேண்டிய தேவை இல்லை, கடுக்காயில் துவர்ப்பு அதிகம்.

செய்முறை எளிது. ஆறேழு கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இடித்து, அரை லிட்டர் வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டினேன். இன்னொரு பக்கம், ஒரு கண்ணாடிக் குடுவையில் சமையல் வினிகரை ஊற்றி, ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு மூன்று நாள் வைத்தேன். குடுவையின் மூடியை இறுக்கக் கூடாது. இரும்பும் அமிலமும் சேரும்போது வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பி நார் இதற்கு உதவாது, அது வினிகரில் எளிதில் கரையாது. துருப்பிடிக்கிற சாதாரண இரும்புதான் வேண்டும். மரத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 220 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) தட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் சொரசொரப்பு நிற்கும். பிறகு கடுக்காய்ச் சாறு, அது நன்றாகக் காய்ந்ததும் இரும்புக் கரைசல்.

இரண்டாவது பூச்சில் நடப்பதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். தூரிகையில் இருப்பது கிட்டத்தட்ட நிறமற்ற நீர். பலகையின் இடது முனையிலிருந்து வலது முனைக்குப் போவதற்குள் இடப்புறம் ஸ்லேட் நிறமாகிவிடுகிறது; தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் முழுப் பலகையும் புகை படிந்த சமையலறை உத்திரம் போல் ஆகியிருக்கிறது. தேக்கில் கடுக்காய் இல்லாமலே பழுப்புச் சாம்பல் வந்தது. ரப்பர் மரத்தில் துவர்ப்பு மிகக் குறைவு என்பதால் இரும்பு மட்டும் பூசியபோது அழுக்குத் தண்ணீர் பட்டது போலத்தான் தெரிந்தது. கடுக்காய் ஏற்றிய பிறகே கறுத்தது. ஒரே சாமானில் இரண்டு வகை மரம் இருந்தால் இந்த வேறுபாட்டைக் கடுக்காய்ச் சாற்றின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். நான் ரப்பர் மரத்துக்கு மூன்று பூச்சும் தேக்குக்கு ஒரு பூச்சும் கொடுத்தேன்.

இந்த முறையின் குறை, இதைத் திரும்பப் பெற முடியாது என்பது. பெயின்ட் பிடிக்கவில்லையென்றால் மேலே இன்னொன்று அடிக்கலாம். இரும்பு பட்ட மரத்தை மீட்க வேண்டுமானால் இழைப்புளி போட வேண்டும். அதோடு, முன்பே பாலிஷோ வார்னிஷோ ஏறிய மரத்தில் இது இறங்காது. கீல், பூட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் வுட் ஸ்டெயின் இதைவிடக் கணக்காக வேலை செய்யும், டப்பாவில் பார்த்த நிறமே ஏறத்தாழ மரத்திலும் வரும். ஆனால் அது ஒரு நிறத்தைச் சீராகப் பூசுகிறது. கடுக்காய் முறையில் மரத்தின் துவர்ப்பு எங்கே கூடுகிறதோ அங்கே கறுப்பும் கூடுவதால், ரேகைக்கு ரேகை வேறுபாடு தெரிகிறது. அந்தச் சீரின்மைதான் கண்ணைப் பழமை என்று நம்ப வைக்கிறது.

பெயின்ட் ஏறிய பழமைக்கு வருவோம். இதில் என் முதல் தேர்வு, மெழுகுவர்த்தியின் துணையோடு இரண்டு நிறம் பூசித் தேய்ப்பது. செலவு குறைவு, பொருள் எல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், எந்த இடம் எவ்வளவு தேய வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கும். அடிநிறமாகக் கரும்பச்சையோ செங்காவியோ பூசிக் காயவிடுங்கள். தேய்மானம் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும், அதாவது தாழ்ப்பாளைச் சுற்றி, கதவின் கீழ் விளிம்பில், கால்களின் அடியில், சாதாரண மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு, உதிர்ந்த துகளைத் தட்டிவிட்டு மேல்நிறத்தைப் பூசுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் மேல்நிறம் பிடிக்காது. காய்ந்த பின் மழுங்கிய கத்தியின் விளிம்பால் சுரண்டினால் அது செதிலாக வரும். செதில் போன விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் 220 எண் உப்புத்தாளால் அதை மழுக்க வேண்டும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றினால் நேர்க்கோடாகத் தேயும்; மடித்து விரலால் தேய்த்தால்தான் நிறம் படிப்படியாகக் கரைந்து போகும். ஒரு தேய்ப்புக்கு ஒரு முறை பத்தடி தள்ளி நின்று பாருங்கள். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது நல்லது. நான் முதல் துண்டுப் பலகையில் நிறுத்தத் தவறி, அது சொறி பிடித்த நாய் போல் ஆனது. கடைசியில் டர்பென்டைன் நனைத்த துணியால் மிச்ச மெழுகைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலே அடிக்கும் வார்னிஷ் அந்த இடங்களில் நிற்காது.

இந்த முறைக்குள்ளேயே நீர்ப் பெயின்டான எமல்ஷனா எண்ணெய்ப் பெயின்டான எனாமலா என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் நான்கு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும், நாற்றம் இல்லை, சுண்ணம் போல மங்கிய தோற்றம் அதற்கு இயல்பாகவே உண்டு. ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில், எமல்ஷன் அடித்த கதவும் சட்டமும் ஒன்றோடொன்று அழுந்தி இருந்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வரும். அது கேட்காத இடத்தில் கேட்காத பழமை. எனாமல் அப்படி ஒட்டாது, கழுவினாலும் தாங்கும், நம் ஜன்னல் கதவுகளில் இருப்பதும் அதுதான். ஆனால் ஒரு வாரமாவது இறுகவிடாமல் தேய்த்தால் உப்புத்தாளில் பசை போல் அப்பிக்கொள்ளும். அதன் பளபளப்பைக் கொல்ல 320 எண் தாளால் மேலோட்டமாகத் தேய்க்க வேண்டும். வெள்ளை எனாமலைத் தனியாக அடிக்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டின் வெள்ளை காலப்போக்கில் மஞ்சளோடுவதால், ஒரு சிட்டிகை மஞ்சள் காவி கலந்த வெள்ளைதான் பழையதாகத் தெரியும். உட்புறக் கதவுகள் ஒட்டும் இடங்களில் எனாமலும் வெளிமுகத்தில் எமல்ஷனும் என்று நான் பங்கிட்டுக்கொண்டேன்.

சாக் பெயின்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் அதை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேய்க்காமல், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் நேரடியாகப் பூசலாம் என்பதே அதன் பெருமை. வாரக் கடைசியில் ஒரு நாளில் வேலையை முடிக்க நினைக்கிறவர்களுக்கு இது பொருத்தமானது. காய்ந்தபின் தேய்த்தால் பசை ஆகாமல் மாவாக உதிர்வதால், தேய்மானம் கொண்டுவருவது மிகச் சுலபம். இறக்குமதி டப்பா விலை கட்டுப்படியாகாதவர்கள், மூன்று பங்கு மேட் எமல்ஷனுக்கு ஒரு பங்கு பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கலக்கிக்கொள்ளலாம். பி.ஓ.பி. இறுகிவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். அதற்குப் பதில் பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரைச் சேர்த்தால் இறுகும் தொல்லை இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை அதன் விளம்பரங்கள் அடக்கி வாசிக்கின்றன. ஒன்று, வெளிர் நிறச் சாக் பெயின்டைத் தேக்கின் மேல் அடித்தால், மரத்தின் துவர்ப்பு நீரில் கரைந்து மேலேறி, தேநீர் சிந்தியது போல மஞ்சள் கறை விழும். எத்தனை பூச்சு அடித்தாலும் அது எட்டிப் பார்க்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை முதலில் ஒரு கை அடித்தால் தான் கறை அடங்கும். அப்புறம் நேரடியாகப் பூசலாம் என்ற பெருமை என்ன ஆயிற்று? இரண்டு, அதற்கு மேல்பூச்சு கட்டாயம் வேண்டும், வழக்கமாகச் சொல்லப்படும் மேல்பூச்சு மெழுகு. குளிர்நாட்டுக் கூடத்தில் மெழுகு போதுமானதாக இருக்கலாம். நம் ஊரில் சித்திரை வெயிலில், சூடான காபி டபராவை ஒரு முறை வைத்து எடுத்தாலே வட்டம் விழுகிறது. சுவரோரம் நிற்கும் பூச்சாடி மேசைக்கு மெழுகு சரி. தினமும் கை படும் சாமானுக்கு நீர் கலந்து அடிக்கும் மேட் வார்னிஷ்தான் ஏற்றது.

பாலிலிருந்து எடுத்த கேசினையும் நீர்த்த சுண்ணாம்பையும் நிறமியையும் சேர்த்துச் செய்யும் பால் பெயின்ட் மிகப் பழைய முறை. வெறும் மரத்தில் அது ஊறி இறங்கி அழகாக மங்குகிறது. வார்னிஷ் ஏறிய மேற்பரப்பில் பிடிப்பு இல்லாமல் தானாகவே செதில் செதிலாக உதிர்கிறது, அந்த உதிர்வைத்தான் ரசிகர்கள் விரும்புகிறார்கள். எங்கே உதிரும் என்பதை நாம் சொல்ல முடியாது. வீட்டில் பாலைத் திரித்துச் செய்து பார்த்தேன். அன்றைக்கே பூசி முடிக்க வேண்டும், மறுநாள் அந்தக் கிண்ணம் இருந்த பக்கம் யாரும் போகவில்லை. பொறுமையும் தோட்டமும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

வெடிப்பு முறையில், காய்ந்த அடிநிறத்தின் மேல் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தடவி, கட்டைவிரல் வைத்தால் தடம் பதிய வேண்டும் ஆனால் பசை ஒட்டி வரக்கூடாது என்கிற பதத்தில், மேல்நிற எமல்ஷனை ஒரே இழுப்பாகப் பூச வேண்டும். பசையும் பெயின்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்குவதால் கால் மணி நேரத்தில் கண்முன்னே வெடிக்கத் தொடங்கும். தூரிகையால் பூசினால் நீளவாக்கில் கோடு, ரோலரால் பூசினால் சிலந்தி வலை. பூசிய இடத்தில் மறுபடி தூரிகை வைத்தால் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் பெயின்ட் அப்படி வெடிப்பது மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னல்களிலும் வாசற்கதவுகளிலும்தான். கூடத்து நிழலில் நிற்கும் அலமாரி வயல் போல் வெடித்திருப்பதற்குக் காரணமே இல்லை. தவிர, அந்த வெடிப்புகளில் தூசி இறங்கினால் துடைக்கத் துடைக்கத் துணியின் நூல்தான் மாட்டும். படச்சட்டம், சிறு பெட்டி போன்றவற்றுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

சங்கிலியால் அடிப்பது, சாவிக்கொத்தால் தட்டுவது ஆகியவை அளவோடு இருந்தால் குற்றமில்லை. புழுத்துளை வைப்பதில்தான் அநேகர் மாட்டிக்கொள்கிறார்கள். மரத்தைப் பொடியாக்கும் வண்டு, மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியைத்தான் துளைக்கும். வைரம் பாய்ந்த தேக்கை அது தொடுவதில்லை. துளைகளும் ஓரிடத்தில் கூட்டமாக இருக்குமே தவிர, தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போலச் சீராகப் பரவியிருக்காது. தேக்குக் கதவு முழுக்க ஆணியால் குத்தி வைத்தால், மரம் தெரிந்தவர் சிரிப்பார்.

உங்கள் சாமான் வெறும் மரமாக இல்லாவிட்டால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். மைக்கா ஒட்டிய பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஆகியவற்றில் கடுக்காய் முறைக்கு இடமே இல்லை. பெயின்ட் அடிக்கலாம், ஆனால் மைக்காவை 180 எண் தாளால் மங்கும்வரை தேய்த்து, வழுக்கும் பரப்பில் பிடிக்கக்கூடிய பிரைமர் அடித்தாக வேண்டும். பிரைமர் இல்லாமல் சாக் பெயின்ட் அடித்த ஒரு மைக்காத் துண்டில் நகத்தால் கீறியதும் பட்டையாக வந்துவிட்டது. அதைவிட முக்கியம், இவற்றில் விளிம்பைத் தேய்த்து உள்ளே உள்ளதைக் காட்ட முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது மரம் அல்ல. ரேகையில்லாத தவிட்டுப் பழுப்புத் தூளோ மைக்காவின் கறுத்த காகித அடுக்கோதான் வெளிவரும். எனவே மரத்தை நினைவூட்டும் செம்பழுப்பை அடிநிறமாக இரண்டு கை பூசி, மேல்நிறத்தை மட்டும் தேய்த்து, அந்த அடிநிறத்தோடு நின்றுவிட வேண்டும். பாலிஷ் போட்ட மரமானால் 120 எண் தாளில் தொடங்கினால் போதும், வேலை சுலபம்.

இவ்வளவும் எதற்கு, பழையதையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சாமான்களை அடுக்கி வைத்திருப்பார்கள். உண்மையான பழமைக்கு ஈடு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு நம் சுவருக்குப் பொருந்துவது அதிர்ஷ்டம். பெயின்ட் ஏறிய பழைய கதவானால் இன்னொரு கவலையும் உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் ஏடுகளை உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலையைச் செய்ய மாட்டேன். புதுப் பெயின்டைத் தேய்க்கும்போதும் முகமூடி போட்டுக்கொள்வது அவசியம்தான், ஆனால் அது வேறு அளவிலான கவலை. ஜோத்பூர்ப் பட்டறைகளில் மாமரத்திலும் ஈட்டி இனத்தைச் சேர்ந்த சீஷம் மரத்திலும் செய்து, பழமை ஏற்றியே விற்கும் சாமான்கள் மூன்றாவது வழி. வேலை சுத்தமாக இருக்கும். ஒரே அச்சில் நூறு செய்வதால் தேய்மானமும் அச்சுப் போட்டது போல் இருக்கும்.

மேல்பூச்சில் ஒரு எச்சரிக்கை. கடுக்காய் முறையில் கறுத்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் அடிப்பது போல் ஆழம் தருவது வேறில்லை. சாம்பலாகத் தெரிந்தது எண்ணெய் பட்டதும் கருங்காலி போல் இறங்கும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். எண்ணெயும் காயாது, பெயின்டும் காயாது, பசை மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் அலமாரிக்கு, மேற்பலகையும் சட்டமும் கடுக்காய்க் கறுப்பு, எண்ணெய் மேல்பூச்சு. கதவு இரண்டும் செங்காவியின் மேல் மங்கிய நீலம், மெழுகுவர்த்தித் தேய்ப்பு, மேட் வார்னிஷ் என்று முடிவாயிற்று. தேக்கை மறைத்துவிட்டீர்களே என்று ஆசாரிக்கு இன்னும் வருத்தம். அந்த வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. கதவுக்கு மலிவான மரத்தையும் சட்டத்துக்குத் தேக்கையும் போட்டிருந்தால் கடுக்காய்ப் பூச்சும் மிச்சமாகியிருக்கும். இதைச் செய்யக் கொடுப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும், நீங்கள் யோசியுங்கள்.

இழுப்பறைகளின் உட்புறத்தை மட்டும் எதுவும் பூசாமல் வெறும் ரப்பர் மரமாகவே விட்டிருக்கிறேன். 1972-ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் என்று சொல்ல நூறு வயதாவது ஆக வேண்டும். இந்த அலமாரி என்றைக்காவது யார் கைக்காவது போகும்போது, விற்கிறவர் என்ன கதை சொன்னாலும், இழுப்பறையை இழுத்துப் பார்ப்பவருக்கு உண்மை தெரிய வேண்டும். அடிப்பலகையில் செய்த மாதத்தையும் வருடத்தையும் பென்சிலால் எழுதச் சொன்னேன். ஆசாரி எழுதிவிட்டு, கீழே தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டுக்கொண்டார்.